மூன்று புள்ளிக் குறி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானியப் போர்வாள்களில் உள்ள அடையாளங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். படைக்கலச் சாலையின் முத்திரை. உறையிலும் அலகிலும் ஒரே எண். கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே கொல்லனின் பெயர், வாள் செய்த ஆண்டு. ஒரு படத்தில் ஆண்டு எண்ணின் கடைசி எழுத்து இருக்கவேண்டிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கீறல். ஒரு கோடு, கோட்டின் மேல் மூன்று புள்ளி. 'அடையாளம் தெரியவில்லை' என்றது குறிப்பு.

எனக்குத் தெரிந்தது. வெளுப்பவர் துணியில் சேராங்கொட்டை மையால் இடும் சலவைக் குறி. எங்கள் வீட்டுப் பழைய போர்வையின் மூலையில் இருக்கிறது. அதை இப்போது போர்த்துவது நான்.

2

'போர்ட் ஆர்தரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.' என்று தொடங்கினேன். நான் பனியைக் கண்டதில்லை. அடித்தேன்.

'சத்தியநேசன் இறப்பதற்கு முன்' அவன் இறந்தானா என்பதுதான் கேள்வியே. அடித்தேன்.

'1911 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சலவைக்காரர் பாபநாசம் வெளுத்த துணி மூட்டையோடு சாரம்மாள் வீட்டுக்கு வந்தார். மூட்டைக்குள் வாள் இருந்தது.'

இது நிற்கட்டும்.

3

சாரம்மாள் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி ஆசிரியை. கணவன் சத்தியநேசன் கம்பவுண்டர். பினாங்குக்குப் போனவன், 1904 தொடக்கத்தில் ஒரு கடிதம் எழுதினான். ருஷ்யாவோடு போரில் இறங்கியிருந்த ஜப்பானின் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். பிறகு எதுவும் இல்லை.

கடைசிச் செய்தி வந்து ஏழு ஆண்டு நிறைந்தால் மறுமணத்துக்குத் தடையில்லை என்று சபைப் பாதிரியாரான ஐயர் சொல்லியிருந்தார். நிறைந்தது. உடன் வேலை செய்யும் பாக்கியசீலன் கேட்டார். சாரம்மாள் சரி என்றாள். திருமண அறிவிப்பை ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது மறுநாள்.

4

பாபநாசத்துக்குப் பின்னால் வந்தவர் மேலப்பாளையம் அகமது மீரான். பினாங்கில் பதினைந்து ஆண்டு கடை வைத்திருந்தவர்.

"அங்கன பழைய சாமான் கடையில எடுத்தேன், டீச்சரம்மா. பிடி ஆடிச்சு. களத்திப் பாத்தா உள்ள இந்தக் குறி. நம்ம ஆத்துப் படித்துறைக் குறில்லா இதுன்னு இவன்ட்ட காட்டுனேன்."

"காட்டுன லெச்சணத்தச் சொல்லுங்க" என்றார் பாபநாசம். "'ஏலே, ஜப்பான்காரன் அழுக்கையும் நீதான் வெளுக்கியா'ன்னு கேட்டாரும்மா."

சாரம்மாள் சிரிக்கவில்லை. "கோடு எங்க வீடு. ரெண்டு புள்ளி அவுக. மூணு புள்ளி நான்."

"மூணுதான் இருக்கு."

"அவுகளுது இல்லியே அப்ப?"

பாபநாசம் மூட்டையின் முடிச்சைப் பைய இறுக்கினார். "உருப்படி யாருக்குத் திரும்பணுமோ அவங்க குறியத்தாம்மா போடுவோம்."

5

அகமது மீரான் வாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சீன வியாபாரிகளோடு இருந்ததில் அவர்களுடைய எண்கள் அவருக்குத் தெரியும். ஜப்பானியரும் அதே எண்களையே எழுதுகிறார்கள்.

"முப்பத்து எட்டு. ரெண்டாம் மாசம்."

"அப்படின்னா?"

"அவங்க ராசா பட்டம் ஏறுனதுலேருந்து எண்ணுதாங்க. நமக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு. அதுக்கு முன்ன இந்த இரும்பே கெடையாது. இதுல கீறுனவரு அதுக்குப் பொறவுதான் கீறியிருக்கணும்."

"ஏழா இருக்கப்படாதா, அண்ணாச்சி?"

ஏழு என்றால் 1904. கடிதம் வந்த காலம். ஏழு ஆண்டு முடிந்துவிட்டது. எட்டு என்றால் ஓராண்டு குறைகிறது. அத்தோடு, கடிதத்துக்குப் பிறகும் அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

"ஏழு குறுக்க வெட்டிக்கிட்டு நிக்கும். எட்டு ரெண்டு காலையும் அகட்டி நிக்கும். துரு மண்டிக் கெடக்கு. ஆனா எட்டுதான்."

"துருதானே. தேச்சா வெளங்கும்."

சனிக்கிழமைகளில் ஆலயத்தின் திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்குவது அவள் பொறுப்பு. புளியும் செங்கல் தூளும் கைக்கருகில் இருந்தன. அகமது மீரான் தடுக்கவில்லை. மங்கிய எதையும் துலக்கினால் விளங்கும் என்பது அந்த வீட்டில் மூவருக்குமே சந்தேகமில்லாத விஷயம்.

(வாளின் அந்தப் பகுதியை ஜப்பானியர் துடைப்பதே இல்லையாம். துருவே சாட்சி.)

துருவோடு எழுத்தும் போயிற்று.

(புளி இரும்பில் வெட்டிய எழுத்தை அழிக்காது என்றார் ஒரு நண்பர். செங்கல் தூள் போட்டு? அழியாது. நடுப்பகல்வரை தேய்த்தால்? அவர் யோசித்தார். 'அவ்வளவு நேரம் எதற்குத் தேய்க்க வேண்டும்?')

6

இங்கே எனக்குச் சாரம்மாள் மேல் சந்தேகம் வந்தது. பழக்கத்தில் தேய்த்தாள் என்று எழுதினேன். ஆனால் படத்தில் மற்ற எழுத்துகள் துருவோடு அப்படியே இருக்கின்றன. ஓர் எழுத்தின் அகலம் மட்டும் பளபளக்கிறது. வேண்டுமென்றே தேய்த்தாள் என்று எழுதினேன். அப்படியானால் கீழே இருந்த குறியை ஏன் விட்டாள்?

ஒருவேளை அதையும் தேய்த்து... அடித்தேன்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. சத்தியநேசன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கழுத்தைப் புரட்டிப் பார்க்கிறாள். குறி இல்லை. கதவைச் சாத்துகிறாள்.

இன்னொன்று. வாளைத் தாமிரபரணியில் போடுகிறாள். அடுத்த சனிக்கிழமை பாபநாசம் துணியோடு சேர்த்து அதையும் எண்ணிக் கொடுக்கிறார். "படித்துறையில கெடந்தது, உங்க உருப்படி." அதற்கடுத்த சனிக்கிழமையும்.

இரண்டையும் அடித்துவிட்டேன். வாள் எப்படி அந்தப் படத்துக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

7

ஞாயிறு. ஐயர் மூன்றாம் ஓலையை வாசிக்கிறார். பாக்கியசீலன் ஆண்கள் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சாரம்மாள் கைகளை முந்தானைக்குள் வைத்திருக்கிறாள். நகக்கண்ணில் ஏறிய கருப்பு போகவில்லை.

'இவர்கள் இணைவதற்குத் தடை அறிந்தவர் எவரேனும் இருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும்.'

ஐயர் நிறுத்துகிறார்.

அகமது மீரான் இங்கே இல்லை. இது அவர் தொழும் இடம் அல்ல. பாபநாசமும் இல்லை. எட்டு என்று மீரான் சொன்னதைக் கேட்டவர்கள் ஆலயத்துக்குள் இரண்டு பேர். ஒருவர் சாரம்மாள். இன்னொருவர், கடைசி பெஞ்சில் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும் நீங்கள்.

எங்கள் குடும்பப் பைபிளின் முதல் பக்கத்தில் பாக்கியசீலன், சாரம்மாள் என்ற பெயர்கள் சேர்ந்து இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பிள்ளைகள். கடைசியில் என் பெயர். இன்று காலை திறந்து பார்த்தேன். மை ஈரமாக இருந்தது. விரல் பட்டால் பெயர்கள் அழிந்துவிடும்.

ஐயர் இன்னும் அடுத்த வரிக்குப் போகவில்லை. அவள் திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.