கல்லூரி திறக்கும் நாள்

டாரன் தரையில் மண்டியிட்டு, பனி பூட்ஸுக்குள் அப்பாவின் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். வீங்கிய கால் உள்ளே போவேனா என்றது. அப்பா லாயிட் பல்லைக் கடித்துக்கொண்டு காலை இன்னும் அழுத்தினார். புற்றுநோய்க்கு இனி வைத்தியமில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இன்று கல்லூரி திறக்கிறது. தங்கை கொரினுக்கு இது கடைசிப் பருவம், முடித்தால் நர்ஸ். லாயிட் அங்கே ஊழியர், ஊழியரின் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பருவம் தொடங்கும் நாளில் ஊழியர் வேலையில் இருந்தாக வேண்டும். லாயிடின் விடுப்பெல்லாம் கீமோவிலேயே தீர்ந்துவிட்டது. இன்று போகாவிட்டால் வேலை இல்லை, கொரின் கடன் வாங்க வேண்டியதுதான்.

அந்தக் கடன் எப்படிப்பட்டது என்று டாரனைக் கேட்டால் தெரியும். பாதியில் விட்ட படிப்புக்கு நாற்பதை நெருங்கும் வயதிலும் கட்டிக்கொண்டிருக்கிறான். வட்டிதான் போகிறது, முதல் அசையவில்லை. மகன் முழி பிதுங்குவதைப் பார்த்துத்தான் லாயிட் தொழிற்சாலையில் மேஸ்திரி வேலையை உதறிவிட்டு, பாதிச் சம்பளத்துக்குக் கல்லூரியில் புல் வெட்டவும் பனி தள்ளவும் போனார். கொரின் அப்போது சின்னப் பெண். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரே சிரித்தது.

கல்லூரியின் கருவிக் கொட்டகையில் மேலாளர் ரஸ் அவருடைய வருகை அட்டையைப் பதிந்துவிட்டு, ஹீட்டர் பக்கம் உட்காரச் சொன்னார்.

"சும்மா உக்காந்திருந்தேன்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான், ரஸ். அதுக்கு எம்பொண்ணு பதில் சொல்லணுமா?"

பிடித்தால் உடும்புப்பிடிதான். லாயிட் மண்வாரியோடு நர்சிங் கட்டடத்தின் படிக்கட்டுக்குப் போய், மேல்படியிலிருந்து பனி தள்ளத் தொடங்கினார். ஒரு தள்ளு, பிறகு மூச்சு, பிறகு இன்னொரு தள்ளு. டாரன் இரு கையையும் நீட்டியபடி பின்னாலேயே இறங்கினான், தொடத் துணியவில்லை. எலும்பும் தோலுமான இந்த உடம்பில் இவ்வளவும் எங்கே இருந்தது? அவனுக்கு மெய் சிலிர்த்தது.

கடைசிப் படியில் கொரின் வந்து நின்றாள். அப்பா வீட்டில் படுத்திருக்கிறார் என்று நினைத்திருந்தவள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"எம்வேலையப் பாக்கறேன். நீ உன் வேலையப் பாரு. ஓரமா ஏறு, வழுக்கும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். போ என்று டாரன் தலையசைத்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

டாரன் அப்பாவைத் தூக்காத குறையாக வண்டிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டான்.

"உள்ள போயிட்டாளா?"

"போயிட்டாப்பா."

லாயிட் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து டாரன் அவர் கையுறையைக் கழற்றிப் பார்த்தான். நாடி இல்லை. அந்தக் கையைப் பிடித்தபடியே சத்தமில்லாமல் அழுதான்.

கொரினைக் கூப்பிடப் போனை எடுத்தவன், அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தான். வகுப்பு முடியட்டும்.

வெளியே மீண்டும் பனி விழத் தொடங்கியிருந்தது. படிக்கட்டு வெளுத்துக்கொண்டு வந்தது. டாரன் இறங்கி, அப்பாவின் மண்வாரியை எடுத்துக்கொண்டு மேல்படிக்குப் போனான்.