மூன்று நிமிடம் பத்து நொடி

...பத்து நொடி கூடினால் போதும், வெறும் பத்தே நொடி, மூன்று நிமிடம் தாண்டிப் பத்தாவது நொடியில் மணியை ஒரு தட்டு தட்டினால் ஒரு மதிப்பெண் போய்விடும், விதி அது, இவளா போட்டாள்? பேசி முடித்தவர்களில் ஒருவர் சீட்டு எடுத்து அடுத்தவருக்கு நேரம் பார்க்க வேண்டும் என்று இந்த நூலக மாடியில் ஒரு வழக்கம், அந்தச் சீட்டு இன்றைக்கென்று பார்த்து இவள் கைக்கா வர வேண்டும்... மடியில் மணி, கைபேசியில் ஓடும் எண்கள், எதிரே மேடையில் கவிதை சொல்லிக்கொண்டு தோழி எக்ஸ்ரே. முப்பதுக்கு இருபத்தேழரை வாங்கி இவள்தான் முதலில் நிற்கிறாள், பாக்கி எக்ஸ்ரே ஒருத்தி மட்டும், அவள் தாண்டாவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய மேடை, ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து கவிதை கேட்கும் மேடை, அதில் இந்த ஊருக்கென்று இருக்கும் ஒரே இடம் இவளுக்கு. ஏழு வருடம்! முதல் தடவை மைக்கில் இவள் எச்சில் விழுங்கியது கடைசி வரிசைவரை கேட்டது, சிரித்தார்கள், வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் கை எங்கே, கண் எங்கே, எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு என்று ஏழு வருடம் பழகியிருக்கிறாள். எக்ஸ்ரேவுக்கு இரண்டு மாதம். இரண்டே மாதம்.

அதுவும் யார் கூட்டிக்கொண்டு வந்தது? பல் மருத்துவமனையில் இவளுக்கு வரவேற்பு மேஜை, அவள் உள்ளறையில் படம் எடுப்பவள், அதனால் எல்லோருக்கும் எக்ஸ்ரே. "ஞாயித்துக்கிழமை மத்தியானமானா எங்கடி காணாமப் போயிடறே, நானும் வரட்டா?" என்றாள், இவளும் பெரிய மனசு பண்ணி வாடி என்றாள், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அங்கே நிற்பதைப் பார், இரண்டு கையும் பாக்கெட்டில், ஏதோ பஸ்ஸுக்கு நிற்பவள் மாதிரி, குரலை ஏற்றவுமில்லை இறக்கவுமில்லை, ஆனாலும் நடுவர் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், இவள் பேசும்போது அந்தப் பேனா ஒரு நிமிடமாவது சும்மா இருந்ததா? வயிறு எரிகிறது, பொறாமைதான், வேறென்ன, நாகரிகமான பெயர் வைத்துவிட்டால் மட்டும் எரியாதா... ஒரு நிமிடம் நாற்பது.

என்ன சொல்கிறாள்? ஒரு பெரியவராம், செத்துப்போன மனைவியின் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாராம், மேஜைமேல் பிரித்து வைத்து, "இத என்ன பண்றதுன்னு தெரியலம்மா" என்றாராம். மேஜையில் இருந்தவள், "டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க" என்றாளாம். அரங்கம் சிரித்தது. இவளும் சிரித்தாள், பாதியில் சிரிப்பு நின்றது... அந்த மேஜை என்னுடையதில்லையா? ஆமாம், இவள்தான் சொன்னாள், ஒரு நாளைக்கு அறுபது பேருக்குச் சொல்கிறாள், அன்றைக்கும் சொல்லியிருப்பாள், தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது, நோயாளிகள் பட்டியலுக்குப் பின்பக்கத்தில் தனிமைக்கு ஓர் உவமை தேடிக்கொண்டிருந்தாள், பாலைவனமா பாழ்வீடா என்று அடித்து அடித்து எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. கைக்குட்டை நினைவில்லை. அவமானத்தில் காது சுட்டது, அதற்கும் மேலே, வெட்கமில்லாமல், பொறாமை... என் மேஜைக்கு வந்த ஆள், எனக்கு வந்த கவிதை, அவள் எப்படி அள்ளிக்கொண்டு போகலாம்?

இரண்டு ஐம்பத்தைந்து. பெரியவர் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார், மாட்டிக்கொண்டாள், நிச்சயம் தாண்டும்... தட்டினால், பொறாமையில் தட்டினாள் என்பார்களோ, சொல்லட்டும், விதி விதிதானே, மூன்று ஐந்து, விரல் மணிமேல், பெரியவரை உள்ளே கூப்பிட்டாயிற்று, அவர் எழுந்திருக்கிறார், மூன்று பத்து, தட்டு, தட்டடி... உள்ளே போய் என்ன செய்தார்? விரல் அங்கேயே இருந்தது. பல்செட்டை வாங்கிப் படம் எடுத்தாளாம், படத்தை அவரிடம் கொடுத்தாளாம், அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சிரிக்கிற மாதிரியே இருக்கு" என்றாராம். அவ்வளவுதான், எக்ஸ்ரே இறங்கிவிட்டாள், கைதட்டல் பிறகுதான் வந்தது. மூன்று இருபத்தாறு. "டைம் என்னங்க?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"மூணு நிமிஷம் ரெண்டு செகண்ட்," என்றாள் இவள்.

எக்ஸ்ரேவுக்கு இருபத்தெட்டு. மணி அடித்திருந்தால் இருபத்தேழு. தியாகமா? மண்ணாங்கட்டி, அந்தப் பெரியவர் என்ன ஆனார் என்று கேட்கும் ஆசை, கேட்டு முடித்த பிறகு அதை வெட்டியிருக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவே, இப்போதும் அவளை ஒரு அறை விடலாம் போலத்தான் இருக்கிறது. மாடிப்படியில் எக்ஸ்ரே ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "ஏய், நெஜமாச் சொல்லு, தாண்டிடுச்சுதானே? வீட்ல எத்தன தடவ சொல்லிப் பாத்தேன், மூணு இருபதுக்குக் கீழ வரவே இல்ல." "சரியாத்தான் இருந்துது, போடி," என்றாள் இவள், பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை, "அந்தப் படம், அவரே எடுத்துட்டுப் போயிட்டாரா?" எக்ஸ்ரே நின்றாள். "எந்தப் படம்? அது நான் சும்மா சேத்ததுடி. அவர் உள்ள வரவே இல்ல. தண்ணி குடிக்க வந்தப்ப உன்கிட்ட பேசிட்டிருந்தாரு, பாத்தேன், அப்புறம் பேர் கூப்பிட்டா நாற்காலி காலி. ரெண்டு நாள் தூக்கமே வரல எனக்கு. நீதான வாசலப் பாத்து உக்காந்திருக்கே, போறப்ப உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

அப்படியானால் நிஜ முடிவு வேறு, அது இன்னும் யாரும் எழுதாதது, கண்ணாடிக் கதவுக்குப் போக வேறு வழி கிடையாது, என் மேஜையை உரசிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும், என்னுடையது, இது என்னுடையது, அவள் தொட முடியாது... எப்படிப் போனார், கைக்குட்டை கையிலா பையிலா, திரும்பிப் பார்த்தாரா, ஒரு நொடி நின்றாரா? "சொல்லேன்டி, ஏதாவது சொன்னாரா?" என்று எக்ஸ்ரே மறுபடியும் கேட்டாள். "ஞாபகம் இல்லடி," என்றாள் இவள், அதுவும் பொய், ஞாபகம் இருப்பதற்குப் பார்த்திருந்தால்தானே.