நாலு பேருக்கு ஒரு சிம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறந்ததல்ல, பயத்தில் பிறந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் என் மனைவி தன் பாடகர் குழுத் தோழிகளிடம், "நாங்க தார் எஸ் சலாம் போன கதைய அடுத்த வாரம் சொல்றேன். வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்கடி" என்றாள். அவள் சொல்வதற்குள் நான் எழுதி முடித்தாக வேண்டும்.

முதல் வரைவை ‘நான்’ என்றுதான் எழுதினேன். படித்துப் பார்த்தால் அந்த ‘நான்’ முன்யோசனைக்காரனாக, பொறுப்புள்ள தகப்பனாக, கொஞ்சம் அழகனாகவும்கூட இருந்தான். அடித்துவிட்டு ‘அவன்’ ஆக்கினேன். அவன் பெயர் கும்போ. மலாவி நாட்டின் முசூசு நகரத்துப் பள்ளியில் புவியியல் ஆசிரியன். இருபது வருடமாகக் கரும்பலகையில் நாட்டு எல்லைகளை வரைகிறவன். அவற்றில் ஒன்றைக்கூடக் குடும்பத்தோடு தாண்டியதில்லை.

2

தொடக்கம் ஒன்று: "எல்லைகள் மனிதன் கிழித்த கோடுகள். அன்போ காற்றில் மிதக்கும்"

[வேண்டாம். பையன் வாந்தி எடுக்கப்போகும் கதையை இப்படித் தொடங்கக் கூடாது.]

தொடக்கம் இரண்டு: "பேருந்து புறப்பட்டபோது டொவேராவின் கண்களில் இனம்புரியாத ஒரு"

[தூக்கம். அவள் கண்களில் இருந்தது தூக்கம்தான். நாலு பேருக்கும் வழிச்சோறு கட்டியவள் அவள்.]

தொடக்கம் மூன்று, நடந்தபடி: கும்போவின் தம்பிக்கு தார் எஸ் சலாமில் கல்யாணம். கும்போ, மனைவி டொவேரா, பதினாறு வயது மகள் லுசுங்கு, எட்டு வயது மகன் வனாங்வா ஆகிய நால்வரும் பேருந்தில் கிளம்பினார்கள். எல்லையில் இறங்கி முத்திரை குத்திக்கொண்டு தான்சானியாவுக்குள் நுழைந்ததும், ஒரு குடைக்கடியில் உட்கார்ந்து சிம் விற்றுக்கொண்டிருந்த ரெஹேமா அவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

3

"நாலு பேரு வந்திருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு வாங்கிக்கங்கண்ணே."

"ஒண்ணு போதும்மா. ஒரு ஃபோன்ல போட்டு ஹாட்ஸ்பாட் வச்சா மத்த மூணும் அதுலேர்ந்து இழுத்துக்கும்."

"ஒரு செருப்ப நாலு பேரு போட்டுக்கிட்டு நடக்கிற மாதிரியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கும்போவும் சிரித்தான். உள்ளுக்குள் அவனுக்குப் பெருமை. இந்தத் திட்டத்தை அவன் ஒரு மாதமாக ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் விளக்கியிருந்தான்.

அவனுடைய ஃபோனின் பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். நல்ல ஃபோன் டொவேராவினுடையதுதான். அதில் இரண்டு மலாவி சிம்கள் இருந்தன. ஒன்று பேசுவதற்கு, இன்னொன்று நெட்டுக்கு. புதியதற்கு இடம் வேண்டுமென்றால் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

"பேசறத எடுத்துடலாம். வெளிநாட்டுல அதுக்கு வர்ற ஃபோன எடுத்தாலே காசு பிடிப்பான்" என்றான்.

"லுசுங்கு அப்பா, தியோங்கே அதுக்குத்தான் கூப்பிடுவா. இன்னும் பத்து நாள்தான் இருக்கு அவளுக்கு. அந்த நெட் சிம்ம எடுங்களேன்."

"அதுல நெட் மிச்சம் இருக்கே."

மலாவியில் போட்ட நெட் தான்சானியாவில் ஓடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும், மிச்சம் உள்ள சிம்மைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை. [இந்த இடத்தில் என் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆனால் அப்படித்தான் நடந்தது. மிக அருகிலிருந்து பார்த்தேன், அவன் சட்டைக்குள்ளிருந்து.]

"பத்து நாள் இருக்குல்ல? நாலே நாள்ல திரும்பிடுறோம்."

"புள்ள காலண்டர் பாத்துக்கிட்டா வரும்?" என்று கேட்டாள். ஆனாலும் ஃபோனை நீட்டினாள்.

அடிக்குறிப்பு: தியோங்கே டொவேராவின் தங்கை. அவளுடைய முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துவிட்டது. அப்போது டொவேரா வெளியூரில் ஒரு பயிற்சி வகுப்பில் ஃபோனை அணைத்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த எண் ஒரு நாளும் அணைந்ததில்லை. குளிக்கப் போனால்கூட வாளிக்குப் பக்கத்தில் முக்காலியில் இருக்கும். முந்தைய வரைவில் இதை ஐந்தாம் பகுதி வரை மறைத்து வைத்திருந்தேன், விறுவிறுப்புக்காக என்று சொல்லிக்கொண்டு. விறுவிறுப்புக்காக அல்ல. இது கும்போவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கழற்றினான்.

4

சிம்மை ஒரு சின்னக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பேருந்து மலையேறத் தொடங்கியது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வனாங்வா, "அப்பா, எனக்கு ஒரு மாதிரி வருது" என்றான். நாலாவது வளைவில் வந்துவிட்டது. கும்போ பையில் கைவிட்டுக் கிடைத்த காகிதத்தால் பையன் வாயைத் துடைத்து, ஜன்னல் வழியே வீசினான்.

[இரண்டாம் வரைவில் இங்கே ஒரு நடத்துநர் இருந்தார். அவர் கை தட்டித்தான் சிம் விழுந்தது. நல்ல மனிதர், மீசையெல்லாம் வைத்திருந்தேன். மனம் உறுத்தியதால் அவரை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டேன்.]

சாப்பாட்டுக்கு நின்றபோது டொவேரா கை நீட்டினாள். "அந்த சிம்மக் குடுங்க. உங்க ஃபோன்ல போட்டு, அவ கூப்பிட்டாளான்னு பாக்கறேன்."

கும்போ எல்லாப் பைகளையும் தடவினான். இல்லாத பைகளையும் தடவினான்.

"பத்திரமாத்தான் வச்சேன்…"

"அப்பா," என்றாள் லுசுங்கு, மெதுவாக. "தம்பி வாயத் தொடச்சீங்களே, அந்தக் காகிதம்…"

டொவேரா கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். பாதி கடித்த வாழைப்பழத்தைத் தோலுக்குள் திரும்ப மூடினாள்.

"அவ நம்பர் அதுலதான் இருந்துச்சு. அவ புருஷன் நம்பரும். மனப்பாடமா ஒண்ணும் தெரியாது எனக்கு."

5

தியோங்கேயிடம் இருப்பது பட்டன் ஃபோன். அதற்கு நெட் செய்தி போகாது. டொவேரா நெட்டில் தன் பாடகர் குழுவுக்கு எழுதினாள். ஒரு தோழி தியோங்கேயின் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பதில் போட்டாள்: "பூட்டியிருக்கு. மாமியார் வீட்டுக்கு, சிலும்பாவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்களாம். அங்க யார் நம்பரும் இங்க இல்ல."

தார் எஸ் சலாமில் அவனுடைய திட்டம் வேலை செய்தது. அதுதான் கொடுமை. டொவேராவிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருந்தால் எல்லோருக்கும் நெட் உண்டு. அவள் கழிப்பறைக்குப் போனால் லுசுங்கு கதவுக்கு வெளியே ஃபோனோடு நிற்பாள். துணிக்கடையில் அவள் வேகமாக நடந்தால் மூவரும் பின்னால் ஓடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள், "எவ்வளவு ஒட்டுதலான குடும்பம்!" என்றார்கள். அந்த ஒட்டுதலான குடும்பத்தில் மனைவி கணவனிடம் ஒன்றரை நாளாகப் பேசவில்லை.

ராத்திரி வந்து இறங்கிய மறுநாள் காலையே கும்போ பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தான். அவர்கள் வந்த பேருந்தைக் கண்டுபிடித்து, தங்கள் இருக்கைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினான். சிம் மலைச்சரிவில் கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தேடினேன் என்று சொல்வதற்காகத் தேடினான். ஓட்டுநர் மூசா படியில் நின்று பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, தங்கமா?"

கும்போ எல்லாவற்றையும் சொன்னான். வாந்தி உட்பட. மூசா சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"சிலும்பாவா? இன்னைக்கு நான் மலாவிக்கு அந்த வழியாத்தான் திரும்புறேன். கருவாடு விக்கிற பொம்பளைங்க பஸ்ஸச் சுத்தி மொய்ப்பாங்க. அவங்களுக்குத் தெரியாத வீடு கிடையாது. எழுதிக் குடுங்க."

கும்போ எழுதினான். ‘அன்புள்ள தியோங்கே’ என்று தொடங்கி, மன்னிப்பு, விளக்கம், எல்லைகள் பற்றி ஒரு பத்தி. மூசா எட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரே, அவங்க பேரும் உங்க புது நம்பரும் மட்டும் போதும்."

அவன் எழுதியதிலேயே சிறந்த வரி, அந்தப் பெயரும் பத்து எண்களும்தான். திரும்பி வந்து டொவேராவிடம் சொன்னான்.  அன்று மதியம் அவள் அவன் தட்டில் சோறு போட்டாள்.

6

கல்யாணத்தன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது டொவேராவின் ஃபோன் ஒரு தடவை மணியடித்து நின்றது. மலாவி எண். மிஸ்டு கால் கொடுத்தால் காசு போகாது. அது தியோங்கேக்கும் தெரியும், எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

டொவேரா கை கழுவாமலே எழுந்தாள்.

"நான் கூப்பிடறேன். எவ்வளவு ஆனாலும் சரி" என்றாள், கும்போவைப் பார்த்து.

"சரி" என்றான் கும்போ. [வேறு எதையும் சொல்லாமல் அவன் வாயை மூடிக்கொண்டதை இந்தக் கதையில் அவனுடைய ஒரே வீரச்செயலாகக் கொள்ளவும்.]

அவள் முற்றத்தைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனாள். பந்தலுக்குள் லுசுங்கு, "போச்சு!" என்று ஃபோனை மடியில் போட்டாள். கும்போ தூரத்திலிருந்து பார்த்தான். டொவேரா கேட்டாள், நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

திரும்பி வந்து சொன்னாள்: "பொண்ணு. முந்தாநாளே பொறந்துடுச்சு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

முந்தாநாள் என்றால் வாழைப்பழத்தை மூடி வைத்த நாள்.

"நம்ம நம்பருக்கு எத்தன தடவ அடிச்சாளாம்?" என்று கேட்டான் கும்போ.

"சாப்பிடுங்க" என்றாள்.

7

இனி முடிவு. தியோங்கே அந்த மரத்தடியில் அக்காவிடம் என்ன சொன்னாள் என்பதுதான் முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் திட்டுகிறாள்: "உன்ன நம்பினேனே, நீ மறுபடியும்"

இன்னொன்றில் எதுவுமே பேசாமல் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் ஃபோனை வைக்கிறாள்.

மூன்றாவதில் என்னை மன்னித்துவிடுகிறாள். நீளமாக, அழகான சொற்களில். அதைத்தான் முதலில் கிழித்தேன்.

இன்று காலைகூடக் கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள் டொவேரா, துணி உலர்த்திக்கொண்டே. இருபது வருடக் கல்யாணத்தில் அந்தக் குரலுக்கு மேலே கேட்கக் கூடாது என்பதை மட்டும் கற்றிருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது அப்படி ஒரு தங்கை இருந்தால், வலியில் கூப்பிட்டும் எடுக்காத ஓர் அக்காவிடம் அவள் பேசும் முதல் வார்த்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

மணி ஒரு முறைதான் அடித்தது. மறுமுனையில் ஃபோனை எடுத்த தியோங்கே சொன்னாள்: