சினைப் பொரியல்

என் மனுஷனுக்கு மீன்பிடிப் பைத்தியம் சுவிசுக்கு வந்த பிறகுதான் பிடித்தது. ஊரில் கடலில் கால் கூட நனைக்காத பரமநாதன், இங்கே முதியோர் இல்ல வேலையில் கிடைக்கிற ஓய்வு நாள் அத்தனையும் ரைன் ஆற்றங்கரையில்தான் கழிப்பார். வீட்டில் எரியாத பல்ப் மாற்ற ஆளில்லை.

எங்கள் ஒரே மகள் சிவானுஜாவுக்கும் அதே ஆறுதான். தகப்பன் மீனைப் பிடிக்கிறவர், மகள் மீனை விடுகிறவள். ஒரு காலத்தில் ரைனில் சால்மன் மீன் நிறைந்திருந்ததாம். அணை கட்டியும் அழுக்கைக் கலந்தும் அந்த இனத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டு, இப்போது குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். அவை கடலுக்குப் போய்ப் பெருத்து, இலையுதிர் காலத்தில் முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். கெடுக்கவும் சம்பளம், திருத்தவும் சம்பளம் என்று நான் சொன்னால் மகளுக்குக் கோபம் வரும். படிப்பு முடிந்த நாள் முதல் அவளுக்கு அந்தத் திட்டத்தில்தான் வேலை.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு சோடியாவது திரும்பி வந்து தானாக முட்டையிட்டால்தான் திட்டம் தொடரும், இல்லாவிட்டால் மூடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வேலை போவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. ஆற்றில் தானாகப் பிறக்கிற ஒரு குஞ்சையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

கோடை எங்களை வாட்டி எடுத்தது. ஆவணியில் ஆற்றுத் தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டுக்கு வந்து, மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மீன்பிடியைத் தடை செய்தார்கள். என் மனுஷன் வீட்டிலிருந்து பல்ப் எல்லாம் மாற்றினார். மகள் சாப்பாடு இறங்காமல் அலைந்து, காய்ந்த கருவாடு போல ஆகிவிட்டாள். புரட்டாதியில்தான் மழை கொட்டியது. ஆறு கலங்கிக் குளிர்ந்து உயர்ந்தது, தடையையும் எடுத்தார்கள். இனி வரும் என்றாள் மகள். தகப்பனும் அதையேதான் சொன்னார். அவர் நினைத்தது ட்ரவுட் என்கிற ஆற்று மீனை.

செப்டெம்பர் முடிந்தால் ட்ரவுட் பிடிக்க முடியாது. அந்தக் கடைசி ஞாயிறு காலையில் போனவர், மத்தியானம் கை நீளத்துக்கு ஒரு மீனோடு வந்து நின்றார். வழக்கமாக அவர் பிடிக்கப் போகிற நாட்களில் நான் கடையில் மீன் வாங்கி வைத்துவிடுவேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் கோலத்தில் கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

என்ன மீன் என்று சந்தேகம் என்றால் திரும்ப விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இவரை உங்களுக்குத் தெரியாது. பிடிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு நல்ல மீனைப் பாவம் பார்த்துத் தண்ணீரில் விட்டார். கரையில் நின்ற சுவிஸ்காரக் கிழவர் ஒருவர் வந்து, விளையாட்டுக்கு மீனைப் பிடித்து வருத்திவிட்டு விடுவது இந்த நாட்டில் குற்றம், அளவு சரியென்றால் கொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏசினார். அகதியாக வந்தவனுக்கு ஒருமுறை சொன்னால் போதும். அன்றிலிருந்து இவர் அளவு பார்ப்பார், தலையில் அடிப்பார், செவுளை வெட்டுவார். இங்கே பிறந்தவன் என்றால் இது என்ன மீன் என்று ஒரு கணம் யோசித்திருப்பான். எங்களுக்கு யோசனைக்கு முன்னால் பயம் வந்துவிடும்.

எனக்கும்தான் என்ன தெரியும்? மகள் கொண்டுவந்து குளிர்பெட்டியில் ஒட்டிய படத்தில் சால்மன் வெள்ளியாக மின்னுகிறது. இது செம்மண் நிறம், உடம்பெல்லாம் புள்ளி. வெட்டிப் பார்த்தால் கடைச் சால்மனின் செம்மஞ்சள் இல்லை, வெளிறிய சதை. வயிறு நிறையச் சினை, பட்டாணி அளவில் திரண்டு கிடந்தது. சினை என்றால் சிவானுஜாவுக்கு உயிர். உடனே போன் பண்ணி வரச் சொன்னேன். மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, வெங்காயம், கறிவேப்பிலையோடு பொரித்து வைத்தேன். தலையைச் சொதிக்கு எடுத்து வைத்தேன்.

வந்தவள் கை கழுவினதும் சாப்பிட உட்கார்ந்தாள். சினையை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறது என்று எனக்கு மனம் குளிர்ந்தது. தகப்பனுக்குப் பெருமை பொறுக்கவில்லை. போனில் எடுத்த படத்தைக் காட்டி, குளிர்பெட்டியிலிருந்த தலையையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மீன் தலையைத் திருப்பி, வாய் கண்ணைத் தாண்டிப் போகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சமிருந்த சினையைப் பார்த்தாள்.

"இது ட்ரவுட் இல்லை அப்பா. சால்மன். முட்டையிட வரேக்க நிறம் மாறும்."

இவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "அளவு சரியாத்தான் இருந்தது, பிள்ளை," என்றார்.

அதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. இவர் எழும்பி ஜக்கெட்டைப் போட்டார். பொலிசில் போய்ச் சொல்லப் போகிறாராம். சால்மனைக் கொன்றால் வழக்கு, வழக்கு வந்தால் வசந்தத்தில் கொடுத்த பிரஜாவுரிமை விண்ணப்பம் அதோடு சரி. மகள்தான் வாசலில் மறித்தாள்.

"சொன்னா மீன் திரும்பி வருமோ? பேசாமல் இருங்கோ."

நானும் அதுதான் சரி என்றேன். இவர் தூண்டிலை நிலவறையில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகு ஆற்றுப் பக்கம் போகவே இல்லை. மகள் வந்தாலும் இரண்டு பேரும் வானிலையைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

நவம்பரில் ஒரு மாலை சிவானுஜா வந்து, சால்மன் ஒன்று வந்துவிட்டது என்றாள். அணையில் மீன் ஏறுகிற பாதையில் வைத்த கமராவில் பட்டதாம். இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். நான் சுவாமி அறையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஆண்," என்றாள் மகள்.

அணைக்கு மேலே முட்டையிடத் தோதான சரளைக்கல் திட்டு ஒன்று இருக்கிறது. அந்த ஆண்மீன் அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்கிறதாம். மகளோடு வேலை செய்கிறவர்கள் முறை வைத்துக் கரையில் காவல் இருக்கிறார்கள். குளிரில் ஒருவருக்கொருவர் கோப்பி ஊற்றிக் கொடுத்து, பெண்மீன் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நீயும் போகிறாயா என்று கேட்டேன்.

"ஓம் அம்மா. நாளைக்கும் என்ர முறை," என்றாள். "எல்லாரும் வரும் வரும் எண்டு சொல்லுகினம். நானும் பக்கத்தில நிண்டு, வரும் எண்டுதான் சொல்லுறன்."