கதிரைக் காலில் முடிச்சுகள்

எங்கள் வீட்டில் நாய் இல்லை. மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ரவுன்ஹவுஸ் வரிசை வீட்டில் நாய் வளர்க்க விடவும் மாட்டார்கள். ஆனால் பின்னேரங்களில் படியில் நாய் நகம் தட்டும் சத்தம் கேட்கிறது என்று கொஞ்சக் காலம் செலீன் சொல்லிக்கொண்டிருந்தாள். "அது ஹீட்டர் குழாயப்பா" என்று நான் நக்கலடிப்பேன்.

என் மனைவி செலீன் மிருக வைத்தியர். அது போதாதென்று, சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டுமென்று ஒரு பெரிய டொக்டருக்குக் கீழே வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தாள். கடைசியில் ஒரு சோதனை. அதில் சித்தியடைந்தால்தான் அந்தப் பட்டம்.

பயிற்சி முடியும் தறுவாயில்தான் எங்களுக்குத் தெரிந்த கிளடிஸ் அன்ரி தன் நாய் ஜிம்மியைக் கொண்டுவந்தா. மண்ணீரலை வெட்டி எடுத்தார்கள். இரத்தக் குழாய்களில் சிலதைச் செலீன் கட்டினாள், சிலதைப் பெரிய டொக்டர் கட்டினார். அடுத்த நாளே ஒரு முடிச்சு நழுவி, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து ஜிம்மி செத்துப்போனது. யார் போட்ட முடிச்சென்று யாருக்கும் தெரியாது. அந்த மனிசன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஒப்பரேஷனுக்குப் போய்விட்டான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு வீடெல்லாம் முடிச்சு. ஒற்றைக் கையால் நூல் கட்டிப் பழகுவது சத்திரசிகிச்சை செய்பவர்களின் வழக்கம்தான். ஆனால் இவள் கதிரைக் கால், அலுமாரிக் கைப்பிடி, கோப்பைக் காது என்று ஒன்றையும் விடவில்லை. தேத்தண்ணி குடிப்பதற்கே நான் கத்தரிக்கோல் தேட வேண்டும். காலையில் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து வெட்டுவது என் வேலை. ஒன்றும் அசைந்ததில்லை.

சோதனை நாள் காலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இண்டைக்கும் இழுத்துப் பாருங்கோ. ஒண்டு கழண்டாலும் நான் போகமாட்டன். ஜிம்மியைச் சாக்காட்டினது நான்தான் எண்டு அர்த்தம்."

"விசர்க் கதை கதையாதை" என்று சொல்லிக்கொண்டு குனிந்தேன். கடைசிக் கதிரையில் ஒரு முடிச்சு வழுக்கிக்கொண்டு என் கையோடு வந்தது.

"எல்லாம் இறுக்கமோ?"

"ஓம். கல்லு மாதிரி."

நூலைக் காற்சட்டைப் பைக்குள் திணித்தேன்.

சித்தியடைந்துவிட்டாள். கிளடிஸ் அன்ரியே கேக் கொண்டுவந்து ஊட்டிவிட்டா. செலீனுக்கு இப்போது படியில் ஒரு சத்தமும் கேட்பதில்லை. நிம்மதியாக நித்திரை கொள்கிறாள். தினமும் யாரோ ஒருவரின் நாயை வெட்டிக் கட்டிவிட்டு வருகிறாள்.

நேற்றுப் பின்னேரம் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். படியில் நகம் தட்டியது. மெல்ல மெல்ல இறங்கி வந்து என் காலடியில் நின்றது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

"போ ஜிம்மி" என்றேன்.

"ஆரோட கதைக்கிறியள்?" மேலேயிருந்து செலீன் கேட்டாள்.

"ஹீட்டரோட" என்றேன்.