எந்தப் பாரமும் தாங்காத குறுக்குக் கட்டை

ஆலயத்துச் சுவரில் நாற்பது வருடம் தொங்கிய மரச்சிலுவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்புகள் வாசிக்கும் நேரம் பார்த்து, தொபுக்கடீரென்று கீழே விழுந்தது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. கரையான் பல வருடமாக உள்ளே உட்கார்ந்து பொறுமையாகத் தின்று முடித்திருந்தது. வெளியே பளபளவென்று வார்னிஷ், உள்ளே வெறும் தூள். நாலாம் வரிசையில் இருந்த தச்சர் மட்டும் பதறி எழுந்து நின்றுவிட்டார்.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அவசர வேலை ஒன்றைச் சீக்கிரம் முடிப்பதற்காக, பட்டறையில் இருந்த வட்ட ரம்பத்தின் காப்பு மூடியைத் தச்சர் கழற்றி வைத்தார். மூடி இருந்தால் மரத்தை மெதுவாகத்தான் தள்ள முடியும். கழற்றியவர் அதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணன், காய்ச்சலும் தலைவலியுமாக, ரம்பத்தை ஓட்டினார். வலது கையில் இரண்டரை விரல் மிஞ்சியது.

"நான்தான் காய்ச்சல் மயக்கத்துல மூடியக் கழட்டிட்டேன் போல. எனக்கே ஞாபகம் இல்ல" என்று அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னார். இல்லை என்று சொல்ல வேண்டிய தம்பி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். உண்மை தெரிந்தால் அண்ணன் தன் முகத்திலேயே முழிக்க மாட்டார் என்ற பயம். அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு 'ரெண்டரை' என்று பேராகிவிட்டது. கவனமில்லாத ஆளுக்கு உதாரணம் வேண்டுமென்றால் எல்லோரும் அவரைத்தான் காட்டுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். தம்பியோ தங்கமான தம்பி என்று பேரெடுத்தார். தினமும் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவார். பட்டறையில் அண்ணன் இடது கையால் ஆணியைப் பிடிக்க, தம்பி சுத்தியலால் அடிப்பார். சுத்தியலை மட்டும் அண்ணன் தொடுவதே இல்லை. "என் கைய நானே நம்ப மாட்டேன்டா" என்பார். "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்?" என்று அண்ணி சொல்லும் ஒவ்வொரு தடவையும் தச்சர் பேச்சை மாற்றிவிடுவார்.

அவர் உண்மை பேசியது ஒரே ஒரு இடத்தில்தான். ஞாயிறுதோறும் நாலாம் வரிசையில் உட்கார்ந்து, சிலுவையைப் பார்த்து, 'மூடியைக் கழற்றியது நான்தான்' என்று மனசுக்குள் சொல்வார். சிலுவை யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. பக்கத்தில் அண்ணன் பாட்டுப் புத்தகத்தை இடது கையால் புரட்டிக்கொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டில்தான் தச்சரின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதனால், புதுச் சிலுவை ஒன்றைச் சட்டுபுட்டென்று செய்து மாட்டிவிடலாம் என்று கிளம்பினார். விஷயம் கமிட்டிக்குப் போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

கமிட்டியில் பல் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், விளம்பரக்காரர் என்று நாலு பேர். நாலு பேரும் அவரவர் தொழிலில் கரைகண்டவர்கள். அதனால் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்வார்கள். கமிட்டிக்குத் தலைவர் போதகர். சாதுவான மனிதர். படித்தவர்கள் உள்ளே வந்தால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அவர்களிடமே கொடுத்துவிடுவார். சிலுவைக்கு அளவு கேட்கப் போன தச்சரும் அண்ணனும் கதவோரம் நின்றார்கள்.

விளம்பரக்காரர் ஆரம்பித்தார். "பாஸ்டர், நான் ஓப்பனா பேசறேன். புதுசா ஒருத்தர் உள்ள வர்றார். அவர் கண்ணுல மொதல்ல படறது என்ன? மரண தண்டனை கொடுக்கிற சாமான். யாராவது கடை வாசல்ல தூக்குக் கயிறு தொங்க விடுவாங்களா?"

"நான் கூட என் கிளினிக்ல பல்லுப் புடுங்கற இடுக்கிய டவல் போட்டு மூடித்தான் வைப்பேன்" என்றார் பல் டாக்டர்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டப்படி பாத்தா அது தோத்துப்போன கேஸ். சாட்சி சரியில்ல, குறுக்கு விசாரணை இல்ல, அப்பீலும் போகல. நான் தோத்த கேஸோட தீர்ப்ப ஃபிரேம் போட்டு என் ஆபீஸ்ல மாட்டினா எவனாவது என்கிட்ட வருவானா?"

இன்ஜினியர் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரே சந்தேகம். நிக்கிற கட்டை சரி. இந்தக் குறுக்குக் கட்டை எந்தப் பாரத்த தாங்குது? ஒண்ணையும் தாங்கல. எதுக்கு அது?"

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். அவர் கையைப் பிசைந்தார். "நீங்கல்லாம் படிச்சவங்க. ஆனா அது... புத்திசாலித்தனமா நடந்த காரியமே இல்லீங்களே. ஒரு தப்பும் பண்ணாத ஒருத்தர், மத்தவங்க பண்ணின தப்பத் தன் தலைமேல போட்டுக்கிட்டு அடிபட்டார். யோசிச்சுப் பாத்தா பைத்தியக்காரத்தனம்தான். அதுலதான் நாம பொழைச்சுக் கிடக்கோம். இத எப்படி நாசூக்கா மாத்தறதுன்னு எனக்குத் தெரியல."

கதவோரம் நின்ற தச்சருக்குச் சுரீரென்றது. 'ஒரு தப்பும் பண்ணாத ஒருத்தர்' பக்கத்திலேயே நின்று, விரல் போன இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். கமிட்டியோ போதகர் சொன்னதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, மரியாதையாக ஒதுக்கிவிட்டு, வேலையைத் தொடங்கியது.

முதல் தீர்மானம்: ஆணி கூடாது, யாராவது கீறிக்கொண்டால் வழக்கு வரும். இரண்டாவது: குறுக்குக் கட்டையை ஒரு போல்ட்டில் மாட்டி, திருப்பி மடக்குகிற மாதிரிச் செய்ய வேண்டும். முக்கியமான விருந்தினர் வரும்போது நெட்டுக்கட்டையோடு ஒட்டி மடக்கிவிடலாம், மற்ற நாளில் விரித்துக்கொள்ளலாம். தச்சர் செய்தார். மனசு உள்ளேயிருந்து கத்தினாலும் கை செய்தது. முதல் ஞாயிறே, பிரசங்கத்தின் நடுவில் போல்ட் தளர்ந்து, குறுக்குக் கட்டை கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுற்றி, வக்கீலைச் சுட்டிக்காட்டி நின்றது. வக்கீல் இடம் மாறி உட்கார்ந்தார். அது இன்னும் கொஞ்சம் இறங்கி மறுபடியும் அவரையே காட்டியது. ஜனங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவசரக் கூட்டம் போட்டுக் குறுக்குக் கட்டையை எடுத்துவிட்டார்கள். போதகர் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை அண்டக் கொடுத்து வைத்தார்கள். மிஞ்சியது ஒரு கம்பம். வெறும் கம்பத்தை என்ன செய்வது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது, மழை பெய்த ஒரு காலையில் யாரோ அதன் பழைய போல்ட்டில் ஒரு குடையை மாட்டினார்கள். விளம்பரக்காரர் துள்ளிக் குதித்தார். "இதுதான்! இதத்தான் இவ்வளவு நாளா தேடினேன்! ஜனங்க தானா கிட்ட வர்றாங்க பாருங்க!" அடுத்த வாரம் தச்சர் கம்பத்தைக் கழற்றி, பீடத்துக்கு முன்னால் அடிக்கட்டை வைத்து நிறுத்தி, சுற்றிலும் பன்னிரண்டு மர முளைகள் அடித்தார். அழகான குடை மாட்டி. இதைவிட நல்ல குடை மாட்டி நான் எங்கும் பார்த்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், தச்சர் கைகாரர்.

அவர் நிலைமைதான் கந்தலாகிவிட்டது. நாலாம் வரிசையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் குடை. குடையைப் பார்த்து 'மூடியைக் கழற்றியது நான்தான்' என்று சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பன்னிரண்டு வருடமாக வாராவாரம் இறக்கி வைத்த பாரம் இப்போது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. தூக்கம் கெட்டது.

குடை மாட்டியைப் பிரதிஷ்டை செய்யும் நாளும் வந்தது. வெளியே நல்ல மழை. தச்சரை முன்னால் கூப்பிட்டு, "சிறந்த புத்திசாலித்தனத்துக்கும் முன்மாதிரியான சகோதர பாசத்துக்கும்" என்று அச்சடித்த சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். முதல் குடையை அண்ணன் மாட்ட வேண்டும் என்பது விளம்பரக்காரர் யோசனை.

அண்ணன் வலது கையால் குடையைத் தூக்கினார். இரண்டரை விரலில் பிடி நிற்கவில்லை. குடை நழுவி விழுந்து, படக்கென்று விரிந்து, பல் டாக்டரின் வேட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்தது.

"ரெண்டரை, கவனம்! இன்னும் திருந்தலயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணனும் சிரித்தார். "நான் எப்பவும் இப்படித்தானே. அன்னைக்கு மூடியக் கழட்டின ஆளாச்சே!"

"மூடியக் கழட்டினது நான்" என்றார் தச்சர்.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. வரிசை வரிசையாக அடங்கியது.

"அண்ணே, மூடியக் கழட்டினது நீங்க இல்ல. நான். வேலை சீக்கிரம் முடியணும்னு கழட்டிட்டு டீ குடிக்கப் போனேன். நீங்க பழிய உங்க மேல போட்டுக்கிட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். வாயத் திறக்கல."

பேயறைந்தது போல் நின்ற கமிட்டி முதலில் சுதாரித்துக்கொண்டது. வக்கீல் ஓடிவந்து தச்சரின் காதைக் கடித்தார். "பன்னிரண்டு வருஷம் ஆச்சுல்ல, கேஸே நிக்காது. இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க." இன்ஜினியர், "டீ குடிக்கப் போனது மட்டும் தப்புன்னு சொல்ல முடியாது, அந்த மூடியோட வடிவமைப்பே தப்பு" என்றார். பல் டாக்டர் தச்சரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, ரெண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். "இத வேற மாதிரி சொல்லிக்கலாம்" என்றார் விளம்பரக்காரர். "'சிறு தகவல் இடைவெளி'ன்னு."

நாலு பேரும் நாலு வாசலைத் திறந்து வைத்தார்கள். தச்சர் எதிலும் நுழையவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீ குடிக்கவா போன?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"ஒரு நாள் விடாம யோசிச்சேன்டா. நாலு திருகாணிய இந்தக் கை எப்படிக் கழட்டுச்சு, எப்படி எனக்கு ஞாபகமே இல்லாம போச்சுன்னு. நான் ஒரு கிறுக்கன்னு முடிவு பண்ணிட்டேன். என் பிள்ளைகளத் தூக்கறதுக்குக் கூடப் பயந்தேன்." குடையை எடுக்காமல் மழையில் இறங்கி நடந்துவிட்டார்.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் வக்கீல். தச்சர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அழுகிறோம் என்று தெரியாமலே அழுதார். அண்ணன் போய்விட்டார். பன்னிரண்டு வருடம் எதற்குப் பயந்தாரோ அது நடந்துவிட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாததால் போதகர் ஒரு பாட்டை ஆரம்பித்தார். ஒருவரும் கூடப் பாடவில்லை.

மூன்றாம் சரணத்தில் அண்ணன் திரும்பி வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். பட்டறை பக்கத்துத் தெருவில்தான். கையில் சுத்தியலும் ஒரு பெரிய ஆணியும் இருந்தன. நேரே போதகர் அறைக்குப் போய், கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த குறுக்குக் கட்டையை இழுத்து வந்தார். கதவு காற்றில் பட்டென்று அடித்துக்கொண்டது. குடை மாட்டியைத் தரையில் சாய்த்தார். மர முளைகளைக் காலால் உதைத்து உடைத்தார். குறுக்குக் கட்டையை அதன்மேல் வைத்தார்.

"வாடா. ஆணியப் பிடி."

தச்சர் மண்டியிட்டு ஆணியைப் பிடித்தார். அப்போதுதான் கவனித்தார், சுத்தியல் அண்ணனின் வலது கையில் இருந்தது.

"அந்தக் கையாலயா? பிடியே நிக்காதே! விரல் நசுங்கிடும்!" என்று இன்ஜினியர் கத்தினார். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று வக்கீல் கேட்டார்.

அண்ணன் தம்பியை மட்டும் பார்த்தார். "பயமா இருந்தா கைய எடுத்துக்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

தச்சர் கையை எடுக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. சுத்தியல் இறங்கியது. முதல் அடி அவருடைய கட்டைவிரலில் விழுந்தது. தவறி விழுந்ததா, வேண்டுமென்றே போட்டதா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை, தச்சர் உட்பட. அண்ணன் தம்பியில் ஒருவர் "ஐயோ" என்றார், இன்னொருவர் "அம்மா" என்றார். எது எவர் குரல் என்று தெரியவில்லை.

"இன்னும் பிடிப்பியா?" என்றார் அண்ணன்.

"பிடிக்கிறேண்ணே."

இரண்டாவது அடி ஆணியின் தலையில் சரியாக விழுந்தது.

சிலுவை இப்போது சுவரில் தொங்குகிறது. கொஞ்சம் கோணல். உடைந்த முளைகளின் ஓட்டை உடம்பெல்லாம் இருக்கிறது, ஆணித் தலை வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை எப்படி நேராக்குவது என்று கமிட்டி இன்னும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலையில் தச்சரின் கட்டைவிரல் பெரிதாக வீங்கிப்போயிருந்தது. சட்டையைத் திறந்து போட்டபடியே அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. அண்ணன் வெளியே வந்தார். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, இரண்டரை விரலால், ஒன்றொன்றாகப் பொத்தானைப் போட்டுவிட்டார். வெகு நேரம் ஆயிற்று. ஒரு பொத்தான் மாறிப்போய், சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தச்சர் அதைச் சரி செய்யாமல் அன்றைக்கு முழுவதும் அப்படியே போட்டுக்கொண்டு திரிந்தார்.