குடைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வயிறு?

கோட்டுக்காரர் முதல் நாள் வந்தபோது தையல்காரிக்கு அவர்மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோட்டு, நல்ல துணி. அதன் உள்பக்கத்தில் ஒரு பாக்கெட் வைக்க வேண்டும் என்றார். அளவுக்கு ஒரு காகிதத்தையும் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலே பூசணிக்காய் மாதிரி அகன்று, கீழே வரவரக் குறுகி, குச்சியாக முடிகிற காகிதம். எதற்கு என்று கேட்டதற்கு, குடை வைக்க என்றார். சனிக்கிழமை காலையில் கட்டாயம் வேண்டும், கனம் தாங்க வேண்டும், தையல் கெட்டியாக இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் நாத்தனார் கடைக்கு வந்தாள். பார்சல் ஆபீசில் பதினைந்து வருஷமாகக் கட்டுக் கட்டுகிறவள். மூடிய பெட்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தே உள்ளே இருப்பது கடிகாரமா கண்ணாடித் தம்ளரா என்று சொல்லிவிடுவாள். மேஜைமேல் கிடந்த காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது என்னது?"

"குடை வைக்கிற பாக்கெட்டாம்."

"குடைக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு பெரிய வயிறு?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. மறுநாள், லைனிங் துணி கறுப்பா சாம்பலா என்று கேட்கிற சாக்கில் அவருக்குப் போன் போட்டாள். பேச்சோடு பேச்சாக, பாக்கெட்டில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று விசாரித்தாள். பிளாஸ்க் என்றார். முந்தின நாள் சொன்ன குடை அவருக்கே மறந்துபோயிருந்தது.

அதற்குப்பிறகு இருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் இருந்த கெண்டி, புனல், இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று விடாமல் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தார்கள். புனலைக் காணாமல் அடுப்படியில் அலைந்த வீட்டுக்காரர், அக்காவுக்கும் தங்கைக்கும் இல்லாத ஒற்றுமை அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார். விளக்குக் கடைக்குப் போனார்கள். இசைக்கருவிக் கடைக்கும் போனார்கள். இவர்கள் வாங்க வந்திருப்பதாக நம்பிய கடைக்காரர் அரை மணி நேரம் ஊதிக் காட்டினார். காகிதத்தில் அடங்கிய எக்காளம் ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை.

அங்கிருந்து திரும்பும்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் மியூசியம் வாசலில் ஒதுங்கினார்கள். சுவரில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. வெண்கல நாரை. பருத்த உடம்பு, நேராக நிமிர்ந்த கழுத்து, வானத்தைப் பார்த்த நீள அலகு. நாத்தனார் இடுப்பை வளைத்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு அதைப் பார்த்தாள். உள்ளே போகிறவர்கள் விலகி நடந்தார்கள்.

"தலைகீழா வச்சா அதே காகிதம்தான் அண்ணி."

டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். கடைசி அறையில் நாரை திறந்த மேடையில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிப் பெட்டி உடைந்துவிட்டது, புதுப் பெட்டி திங்கட்கிழமைதான் வரும் என்று ஒரு அட்டையில் எழுதியிருந்தது. தையல்காரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டேப்பை உருவி அலகை அளந்தாள். ஐந்தரை அங்குலம். காகிதத்திலும் ஐந்தரைதான். கழுத்துச் சுற்றளவுக்கு டேப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது காவலாளி வந்துவிட்டார். நாரைக்குச் சட்டை தைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நம்பவில்லை, இருவரையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து முழுக்கக் கேட்டார் அதிகாரி. பாக்கெட் தைப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

கோட்டைத் தைக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள் நாத்தனார். தையல்காரி யோசித்தாள். கொடுத்தால் வேறு கடையில் தைத்துக்கொள்வார். அந்தக் கடைக்காரர் ஒழுங்காகத் தைத்தும் கொடுத்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் பாக்கெட்டைத் தைத்தாள். பக்கவாட்டில் இரட்டைத் தையல். அடிமுனையில் மட்டும், பேருக்கு நாலு தையல். அதற்கு நேர்கீழே கோட்டின் லைனிங் ஓரத்திலும் அதேபோலத் தளர்வாக நாலு. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வேண்டுமென்றே மோசமாகத் தைத்தது அதுதான் முதல் தடவை. கை கூசியது. இரண்டு தடவை பிரித்து, தன்னையறியாமல் கெட்டியாகப் போட்டுவிட்டு, மறுபடியும் பிரித்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கோட்டுக்காரர் வந்தார். பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த நிமிஷம் கடைக் கதவைச் சாத்திவிட்டு அண்ணியும் நாத்தனாரும் பின்னாலேயே போனார்கள். அவர் நேராக மியூசியத்துக்குத்தான் போனார்.

இவர்கள் தலையைக் கண்டதும் காவலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே திரும்பினாலும் பின்னாலேயே வந்தார். பானைகள் இருக்கும் அறைக்குப் போனால் அங்கே வந்தார். நாணயங்கள் இருக்கும் அறைக்குப் போனால் அங்கேயும் வந்தார். நாரையைப் போய்ப் பாருங்கள் என்று தையல்காரி கெஞ்சினாள். நான் அந்தப் பக்கம் போவேன், நீங்கள் இந்தப் பக்கம் கை வைப்பீர்கள், அப்படித்தானே என்றார் அவர். மூன்று பேரும் இப்படிக் கண்ணாமூச்சி ஆடி முடித்துக் கடைசி அறைக்கு வந்தபோது மேடை காலியாக இருந்தது.

"பறவை எங்க?" காவலாளி இருவரையும் பார்த்துக் கேட்டார்.

தையல்காரிக்கு அந்த நாலு தையல்தான் ஞாபகத்துக்கு வந்தது. தையல் தாங்கிவிட்டதா? பழக்க தோஷத்தில் இறுக்கிப் போட்டுவிட்டேனா?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டங். சற்று இடைவெளி விட்டு இன்னொரு டங்.

மூவரும் முன்கூடத்துக்கு ஓடினார்கள். கோட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெரிய மனிதர் நடையில் வாசல் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். பாக்கெட்டின் அடி விட்டுப்போய், நாரை லைனிங்குக்குள் நழுவி, கோட்டின் ஓரத்துக்குக் கீழே ஐந்தரை அங்குல அலகை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு படி இறங்கினால் அதுவும் ஒரு தட்டுத் தட்டியது. டங். அவர் நின்று கேட்டார். சத்தம் நின்றது. மறுபடியும் இறங்கினார். டங்.

"சார்," என்று தையல்காரி மேலிருந்து கூப்பிட்டாள். "உங்க பிளாஸ்க் எட்டிப் பாக்குது."

அவர் குனிந்து பார்த்தார். ஓடத்தான் நினைத்தார். நாரை முழங்காலில் மாறிமாறி இடித்ததில் நாலு எட்டுக்கூட வைக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி வீசலாம் என்றால், நாத்தனார் அதற்குள் பார்சல் கட்டுகிற கையால் கோட்டோடு சேர்த்து அவரைக் கட்டிப் பிடித்துவிட்டாள். அந்தப் பிடி சாமானியத்தில் அவிழாது. காவலாளி அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து அசந்துபோனார். புதுப் பெட்டிக்கு அளவெடுக்க வந்த கண்ணாடிக்காரர். நாரையின் உயரம் அகலம் எல்லாவற்றையும் மியூசியத்தில் உட்கார்ந்தே குறித்துக்கொண்டு போனவர்.

ஸ்டேஷனில் கோட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்காரவில்லை. இந்த அம்மா தையலே சரியில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று அதிகாரியிடம் முறையிட்டார். அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவை வைத்துவிட்டார்.

"எழுதிக்கோங்க சார்," என்றாள் தையல்காரி. "அடியில நாலு தையல், ஓரத்துல நாலு. எல்லாம் நான் வேணும்னே போட்டது."

திரும்பி வரும்போது கடைத்தெருவில் செய்தி இவர்களை முந்திக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். இவர்களும் அலுக்காமல் சொன்னார்கள். இசைக்கருவிக் கடைக்காரர் மகிழ்ச்சியில் எக்காளத்தை எடுத்து ஒரு ஊது ஊதினார். மூன்றாவது கடையில் நாரை ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. தையல்காரி திருத்த வாயெடுத்தாள். நாத்தனார் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் கையை உயர்த்தி, அதைவிட இன்னும் ஒரு சாண் மேலே காட்டினாள்.